ஒரு தரம் அழுத்தினால் ஏழு தரம் கேட்கும் பொத்தான்

"அண்ணை, நான் கலியாண வீடு, பேர்த்டே பார்ட்டி எண்டு லப்டொப்பில பாட்டுப் போடுறனான். சில்லு வைச்ச பெரிய கொன்ட்ரோலர் வாங்கக் காசு காணாது. 16 பொத்தான் மட்டும் உள்ள சின்னப் பெட்டி ஒண்டைப் பம்பலப்பிட்டியில கண்டனான். அது உதவுமா, இல்லாட்டி விளையாட்டுச் சாமானோ?"

வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் அனுப்பிய கேள்வி இது. உதவும். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று பாய்கிற கலியாண வீட்டுக் கச்சேரிக்கு நன்றாகவே உதவும். ஆனால் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் இருக்கிறது. அது மினுங்கும் விளக்குகளில் இல்லை. பொத்தானுக்கு அடியில், ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிற காரியத்தில் இருக்கிறது. இந்தக் கேள்வி வந்ததும் எனக்குச் சந்தோசமாக இருந்ததற்குக் காரணமே அதைப்பற்றி எழுதலாம் என்பதுதான்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியை மிடி கொன்ட்ரோலர் என்பார்கள்; மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் தமக்குள் பேசும் மொழி. பெட்டிக்குள் பாட்டு இல்லை, ஒலியும் இல்லை. பாட்டு லப்டொப்பில் இருக்கிறது. கலப்பதும் அங்கே ஓடும் மென்பொருள்தான். பெட்டியின் வேலை செய்தி அனுப்புவது மட்டுமே. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்குவென்சியல் நிறுவனத்தின் புரொஃபெட்-600ஐயும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-6ஐயும் வயரால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழி பேசிய நாள் அது. முன்னின்ற டேவ் ஸ்மித்துக்கும் இக்குத்தாரோ காக்கெஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

அந்த மொழி மிகவும் எளிது. பொத்தானை அழுத்தினால் 144, 60, 127 என்று மூன்று எண்கள் போகும். 144 என்றால் 'முதலாவது சனலில் ஒரு சுரம் தொடங்குகிறது'. 60 எந்தச் சுரம் என்பது. 127 எவ்வளவு பலமாக என்பது. விட்டதும் 128, 60, 0 போகும். பியானோக்காரருக்கு 60 நடு ஸ்தாயிச் சுரம். டி.ஜே. மென்பொருளுக்கு அது வெறும் அடையாளம்: '60 வந்தால் இந்தப் பாட்டின் சரணத்துக்குப் போ' என்று நாம் சொல்லிவைத்தால் அது போகும். பழைய ஐந்து முள் வயரில் செக்கனுக்கு 31,250 பிட் ஓடும். தொடக்கப் பிட்டும் முடிவுப் பிட்டும் சேர்த்து ஒரு எண்ணுக்கு 10 பிட் என்றபடியால், மூன்று எண்ணும் போய்ச்சேர 0.96 மில்லிசெக்கன். இன்றைய யூ.எஸ்.பி. வயர் இதைவிட வேகம். செய்தியின் உருவம் மட்டும் நாற்பது வருடமாக அப்படியே இருக்கிறது.

இதில் ஒரு முடை உண்டு. மிடியில் அளவைச் சொல்லும் எண் 0இல் இருந்து 127 வரைதான் போகும். பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர், அதாவது மேலும் கீழும் தள்ளும் பிடி, ஒன்றை எடுங்கள். மேலே 8 சதவீதம், கீழே 8 சதவீதம். அந்த 16 சதவீதத்தை 127 படிகளாக வெட்டினால் ஒரு படி 0.126 சதவீதம். பார்வைக்கு ஒன்றுமில்லாத எண். ஆனால் இரண்டு பாட்டுகள் ஒரு படி வித்தியாசத்தில் ஒரு நிமிடம் சேர்ந்து ஓடினால் 75 மில்லிசெக்கன் விலகிவிடும். இரண்டு மேளமும் தனித்தனியாகக் கேட்கும், சபையில் ஆடுகிறவர்களின் கால் பின்னும். அதனால்தான் நல்ல கொன்ட்ரோலர்கள் வேக ஃபேடருக்கு இரண்டு செய்திகளைச் சோடி சேர்த்து 16,384 படிகளாக்குகின்றன. பொத்தானுக்கு இந்தக் கவலை கிடையாது. அழுத்தியிருக்கிறது அல்லது அழுத்தவில்லை. விசை அழுத்தத்தைச் சொல்லவென்றே பிறந்த மொழிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

அப்படியானால் பொத்தானில் பிழைக்க என்ன இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு கலியாண வரவேற்பில் என் மருமகன் பாட்டுப் போட்டான். மணமக்கள் மண்டப வாசலுக்கு வந்ததும் அவன் பொத்தானை அழுத்தினான். பாட்டு ஒரு 'டும்' சொல்லிவிட்டு நின்றது. மறுபடி அழுத்த, ஓடியது. பிறகு பைலா உச்சத்தில் இருந்த நேரம் இன்னொரு தடவை இப்படியே. "நாவூறு பட்டிட்டுது" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மம்மா. அடுத்த நாள் வீட்டில் எலுமிச்சம்பழம் வெட்டிக் கழித்தார்கள், அதுவும் அந்தப் பெட்டிக்கு மேலேயே பிடித்து. பிறகுதான் என்னிடம் கொண்டு வந்தான். "மாமா, ஒருக்காத் திறந்து பாருங்கோ."

திறந்து, பொத்தானின் இரண்டு முனைகளையும், வோல்ற்று மாறுவதைத் திரையில் கோடாகக் காட்டும் அலைவுகாட்டியில் இணைத்து, விரலால் ஒரு தரம் அழுத்தினேன். திரையில் 5 வோல்ற்று இருந்த கோடு நேராக 0க்கு விழவில்லை. விழுந்தது, எழும்பியது, விழுந்தது, எழும்பியது. எண்ணிப் பார்த்தால் ஏழு தரம் விழுந்து, கடைசியில் அடங்கியது. முழுக்க 6 மில்லிசெக்கன். அவன் ஒரு தரம்தான் அழுத்தினான் என்று சத்தியம் செய்தது பொய்யில்லை. ஏழு தரம் அழுத்தியது உலோகம்.

சீமெந்துத் தரையில் ஒரு போளையைக் கைவிட்டுப் பாருங்கள். டக்... டக்.. டக்டக்டட்ட்ட் என்று துள்ளித்தான் அடங்கும். பொத்தானுக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடும் அப்படியே. அது வில்போல மீளும் தன்மையுடையது. மற்றத் தகட்டில் மோதித் துள்ளும், திரும்ப மோதும். நம் கண்ணுக்கும் காதுக்கும் அது ஒரே 'கிளிக்'. உள்ளே இருக்கும் மைக்ரோகொன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சிப்போ செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை எட்டிப் பார்க்கிறது. அதற்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு புதிய அழுத்தம். ஓடு, நில் இரண்டுக்கும் ஒரே பொத்தான் என்றால் கதை முடிந்தது: ஒற்றை எண்ணிக்கையில் துள்ளினால் பாட்டு ஓடும், இரட்டையில் துள்ளினால் நிற்கும்.

பெட்டியைச் செய்தவர்களுக்கு இது தெரியாததல்ல. துள்ளலைப் பொறுத்துக்கொள்ள ஒரு சிறு இடைவெளி விட்டுத்தான் நிரல் எழுதுவார்கள். அதே பெட்டியின் மூலையில் மருமகன் தொட்டதே இல்லாத ஒரு பொத்தான் இருந்தது. அதையும் அளந்தேன்: 1 மில்லிசெக்கனில் அடங்கியது. அவன் இரவிரவாகக் குத்தும் பொத்தானின் தகட்டிலோ, செம்புக் குடத்தில் பிடிக்கிற மாதிரிப் பச்சையாகக் களிம்பு. அவர்கள் வீடு காலி வீதியின் கடற்கரைப் பக்கம். அங்கே யன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். உப்புக் காற்றுக்கு யன்னலும் ஒன்றுதான், கொன்ட்ரோலரும் ஒன்றுதான். தேய்மானமும் களிம்பும் சேர்ந்து, நிரல் விட்டிருந்த இடைவெளியைத் துள்ளல் தாண்டிவிட்டது.

நாவூறு என்று சொன்ன அம்மம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பிள்ளைகளின் நல்ல நாள் கெட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் சொன்னது. ஆனால் காரணம் இருபது நிமிட வேலையில் கண்ணுக்கு முன்னால் கோடாகத் தெரியும்போது, அதைத் தேடாமல் எலுமிச்சம்பழத்தைத் தேடுவது எனக்கு வலிக்கிறது. அந்தச் சாறு அமிலம். உள்ளே வடிந்திருந்தால் மிச்சத் தகடுகளையும் அரித்திருக்கும்.

சரி, துள்ளலை எப்படி அடக்குவது? இந்த இடத்தில்தான் பெட்டிகள் தரம் பிரிகின்றன. யாரோ கதவைத் தட்டுகிறார்கள், டக்டக்டக். ஒருவர் தட்டல் ஓயும்வரை காத்திருந்து, ஓய்ந்தபிறகு எழும்பிப் போய்த் திறக்கிறார். இன்னொருவர் முதல் 'டக்'கிலேயே திறந்துவிட்டு, மிச்சத் தட்டல்களைக் கணக்கெடுக்காமல் விடுகிறார். முதல் முறையில் பிழை வராது, ஆனால் 5, 10 மில்லிசெக்கன் பிந்தும். துள்ளல் தடவைக்குத் தடவை மாறுவதால் பிந்துகிற அளவும் மாறும். தாளக்காரருக்கு இந்த மாறுதல்தான் விஷம். எப்போதும் ஒரே அளவு பிந்தினால் விரல் பழகிவிடும். ஒருமுறை 3, ஒருமுறை 9 என்றால் எந்த விரலும் பழகாது. இரண்டாவது முறையில் தாமதமே இல்லை. நல்ல கொன்ட்ரோலர்கள் அழுத்துவதற்கு இரண்டாவது முறையையும் விடுவதற்கு முதலாவது முறையையும் கையாளலாம். விரல் எடுப்பது 5 மில்லிசெக்கன் பிந்தினால் யாருக்கும் கேட்காது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. முதன்முதல் விளங்கியபோது கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினேன். பொத்தானுக்கு ஒரு தொடுபுள்ளிக்குப் பதில் எதிரெதிரே இரண்டு வையுங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் அசையும் தகடு. அழுத்தாதபோது தகடு மேலே தொட்டிருக்கும். அழுத்தினால் கீழே போய் மோதும். மோதிய பிறகு கீழே துள்ளும், உண்மை. ஆனால் துள்ளும் உயரத்தில் அது மேற்புள்ளியை எட்டவே எட்டாது. ஆகவே ஒரு சின்ன நினைவுச் சுற்றிடம் இப்படிச் சொல்லிவைக்கிறோம்: கீழே தொட்டால் '1' என்று நினை, மேலே தொடும்வரை அந்த நினைப்பை மாற்றாதே. முதல் தொடுகையில் '1' ஆகிவிடும். அடுத்த ஆறு துள்ளலும் 'கீழே தொட்டது, கீழே தொட்டது' என்று ஏற்கெனவே தெரிந்ததையே சொல்கின்றன. காத்திருப்பு இல்லை, கணக்குப் பார்ப்பு இல்லை, நிரலே தேவையில்லை. களிம்பு பிடித்துத் துள்ளல் 6 என்ன, 20 மில்லிசெக்கன் ஆனாலும் விடை ஒன்றுதான். உயர்தரத்தில் தருக்கப் படலை படித்த பிள்ளைகளுக்கு, இரண்டு 'நோர்' படலைகளைக் குறுக்காக இணைத்தால் வரும் எழு-விழு (ஃப்ளிப்-ஃப்ளொப்) அதுதான். பரீட்சைக்காக உண்மை அட்டவணையைப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகும் அந்தப் படத்துக்குள் இவ்வளவு அழகு இருக்கிறது.

மைக்ரோ சுவிட்ச் என்று கடையில் கேட்டால் தருகிற மூன்று கால் சாமானில் இப்படி மேல், கீழ் இரண்டு புள்ளிகளும் இருக்கும். அதற்குள் இன்னொரு வித்தையும் உண்டு. நீங்கள் மெதுவாக அழுத்தினாலும் தகடு மெதுவாக இறங்காது. வளைந்த வில் பாரத்தைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, ஒரு எல்லையில் சட்டென்று புரண்டு பாயும். விரலில் 'கிளிக்' உணரும் கணமும் மின் தொடும் கணமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மிருதங்கத்தில் விரல் பட்ட இடத்தில் சொல் பிறக்கிற மாதிரி. டி.ஜே. டெக்டூல்ஸ் செய்த மிடி ஃபைற்றர் பெட்டிகளில் ஜப்பானின் சன்வா விளையாட்டு இயந்திரப் பொத்தான்களைப் போட்டதும் இந்தத் திட்டமான உணர்வுக்காகத்தான். மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் றப்பர் குமிழும் அடியில் கரி வில்லையும் இருக்கும். துள்ளல் குறைவு, ஆனால் எந்த ஆழத்தில் தொடும் என்று விரலுக்குத் தெரியாது.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். 16 பொத்தானுக்கு 16 வயர் இழுப்பதில்லை; 4 கிடைவரிசை, 4 நெடுவரிசை என்று 8 வயரில் முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் ஓர் இருவாயி (டயோட்) இல்லாவிட்டால், சதுரத்தின் மூன்று மூலைகளை ஒன்றாக அழுத்தும்போது நாலாவது மூலையும் அழுத்தியதாகத் தெரியும். தாமதத்தில் பெட்டியின் பங்கைவிட லப்டொப்பின் பங்குதான் பெரிது: செக்கனுக்கு 44,100 மாதிரியாக ஓடும் ஒலியை 256 மாதிரி சேர்த்துவைத்து அனுப்பும்படி (அதுதான் பஃபர்) வைத்தால் 5.8 மில்லிசெக்கன், 512 என்றால் 11.6. மண்டப ஸ்பீக்கர் 6 மீற்றர் தள்ளி இருந்தால் நம் கொழும்பு வெக்கையில் ஒலி வந்துசேர இன்னொரு 17 மில்லிசெக்கன். ஆகவே தம்பி, விலைகூடிய பொத்தானுக்கு முன் காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மென்பொருளில் குவான்ரைஸ் போட்டுவிட்டு ஆடினால், நீங்கள் எப்போது அழுத்தினாலும் அது அடுத்த தாளத்துக்குத் தள்ளித்தான் ஓடவிடும். அப்போது மேலே சொன்ன மில்லிசெக்கன் எதற்கும் பொருளில்லை. எந்த மலிவுப் பெட்டியும் போதும். குவான்ரைஸை நிறுத்திவிட்டு விரலாலேயே தாளம் போட ஆசைப்படுகிறவருக்குத்தான் நல்ல பொத்தான். இரண்டு பாட்டை இரண்டு நிமிடம் மெல்ல மெல்லக் கரைத்துக் கலப்பதுதான் உங்கள் பாணி என்றால் பொத்தான் பெட்டி வேண்டாம், ஃபேடர் உள்ளதாகப் பாருங்கள்.

விலையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் பலகை, 16 பொத்தான், 16 இருவாயி; எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவைச் சுற்றித் தேடினால் சேர்க்கலாம். ஆர்டுயினோ லியனார்டோ மாதிரி யூ.எஸ்.பி. நேராகப் பேசும் பலகை ஒன்று போதும். கணினி அதை மிடிக் கருவியாகவே ஏற்கும். ஒரு உயர்தர மாணவியால் இரண்டு சனி, ஞாயிறில் செய்யக்கூடிய வேலை. ஆனால் அவளுடைய பாடசாலையில் அலைவுகாட்டி இருக்குமா? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காத நாடு நம்முடையது. அந்தக் கஞ்சத்தனம் பல்கலைக்கழகத்தில் தொடங்குவதில்லை, பள்ளிக்கூட ஆய்வுகூடத்தின் பூட்டிய அலுமாரியில் தொடங்குகிறது. ஏழு தரம் துள்ளும் அந்தக் கோட்டை 16 வயதில் ஒரு தடவை கண்ணால் கண்ட பிள்ளை அதை மறக்கமாட்டாள்.

கடையில் வாங்குவதென்றால் தம்பி, லப்டொப்பையும் கொண்டு போங்கள். மிடி-ஒக்ஸ் என்ற மென்பொருளை முதலே இறக்கிவையுங்கள். பெட்டியைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் 90 3C 7F என்பது போல ஒரு வரி விழும். 144, 60, 127 என்பதைத்தான் அது பதினாறின் அடியில் எழுதுகிறது. ஒவ்வொரு வரிக்கும் நேரமும் மில்லிசெக்கனில் தெரியும். நூறு தரம் அழுத்துங்கள்: கொஞ்சம் பலமாக, கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் ஓரத்தில். 90இல் தொடங்கி 00இல் முடியாத வரிகளை எண்ணுங்கள்; சில பெட்டிகள் விரல் எடுத்ததையும் 90 3C 00 என்றே அனுப்பும். 10 மில்லிசெக்கன் இடைவெளியில் இரண்டு வந்திருந்தால் அது உங்கள் விரல் அல்ல. ஒரு விரல் ஒரே இடத்தில் அவ்வளவு விரைவாக இரண்டு தரம் விழாது. நூறுக்கு நூற்றொன்று வந்தாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.