சலம் போற இடத்துல கடியா? முதல்ல சீனியப் பாருங்க

முழங்கால் நோவுக்குத்தான் ஒருத்தர் வந்திருப்பார், துண்டு எழுதிக் குடுத்தாப் பொறகு கதவடி வரைக்கும் போய்த் திரும்பி வந்து "டொக்டர், இன்னொண்டு"ன்னு குரலத் தாழ்த்துவார். ஓபிடியில அடிக்கடி நடக்கும். சலம் போற வாசல்ல கடி, எரிவு, முன்தோல் சிவந்து வெடிச்சிருக்கு. "வயல்ல வெயிலுக்க நிண்டு சூடு புடிச்சிட்டு"ம்பார். சூட்டுக்கு இளநி குடிச்சிருப்பார், டெட்டோல் தண்ணியால கழுவியிருப்பார், பாமசியில வாங்கின கிறீம் ட்யூப் ரெண்டு மூணு முடிஞ்சிருக்கும்.

நாப்பது தாண்டின ஆம்பிளைக்கு இது திரும்பத் திரும்ப வந்தா நான் முதல்ல பாக்கிறது சீனி வருத்தம் இருக்காண்டுதான். ரத்தத்துல சீனி சுமார் 180 mg/dLக்கு மேல ஏறினா கிட்னியால பிடிச்சு வைக்க ஏலாது, சலத்தோட போகும், அது முன்தோலுக்குள்ள தங்கி பங்கசுக்கு (பூஞ்சைக் கிருமிக்கு) தீனியாகுது, தனக்கு சீனி இருக்கெண்டு சிலருக்குத் தெரியவாறதே இந்தக் கடியாலதான். வெறுவயித்துல 126ஓ அதுக்கு மேலயோ வந்தா கட்டாயம் டொக்டரிட்டக் காட்டுங்க. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எண்ட சீனிக் குளிசை குடிக்கிறவங்களுக்கும் இது வரலாம், அந்தக் குளிசை சீனிய சலத்தோட வெளியேத்தித்தான் வேலை செய்யுது. நீங்களா நிப்பாட்டாதீங்க, தந்தவரிட்டச் சொல்லுங்க.

பாமசியில வாங்கின அந்த கிறீம்ல ஸ்டீரொய்ட் கலந்திருந்தா ரெண்டு நாள் சுகமா இருக்கும், பங்கஸ் உள்ளுக்குள்ள நல்லா வளரும். டெட்டோலும் வாசனை சோப்பும் தோல எரிக்கிறதத் தவிர ஒண்டும் செய்யாது, வெறும் தண்ணியால கழுவி ஈரம் துடைச்சாப் போதும்.

பொம்பிளைகளுக்கு தயிர் மாதிரி வெள்ளை படுதெண்டா பெரும்பாலும் பங்கஸ்தான், மாதவிடாய் நிண்ட வயசுல தோல் வறண்டும் கடிக்கும். சின்னப் பொம்பிளைப் புள்ளை ராவுல சொறிஞ்சா வயித்துப் பூச்சியா இருக்கலாம், வீட்டுல எல்லாருக்கும் சேத்து மருந்து குடுக்கணும். கர்ப்பிணி எண்டா லேசான எரிவெண்டாலும் மிட்வைஃப் மிஸ்ஸிட்டச் சொல்லிடுங்க, சலத்துல கிருமி இருந்தா கிட்னி வரைக்கும் போகும்.

சீழ் வந்தா, புது ஆளோட உறவுக்குப் பொறகு கடி தொடங்கினா எஸ்டிடி (உறவால தொத்துற வருத்தங்களுக்கான) கிளினிக் போங்க. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில இருக்கு, காசில்ல, விசயம் வெளிய போகாது. துணைக்கும் மருந்து எடுக்கணும், இல்லாட்டி மாறி மாறி ஒட்டிக்கொண்டேயிருக்கும்.

குளிர் காய்ச்சலோட முதுகு நோவு, சலத்துல ரத்தம், சலம் அடைப்பு, பின்னுக்கு இழுத்த முன்தோல் வீங்கி முன்னுக்கு வரமாட்டெண்டு நிக்கிறது, இதுகளுக்கு விடியட்டும் எண்டு இருக்காதீங்க, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மத்தபடி கிளினிக் வாற அண்டு காலையில கிறீம் பூசாம, பூசின ட்யூபெல்லாம் பேக்குல போட்டுக் கொண்டு வாங்க.