இரவில் நரியை அழைக்கும்போது யார் கண்ணில் படக்கூடாது, யார் கண்ணில் பட வேண்டும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆரஞ்ச், டப்போ ஊர்களின் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளுக்கு நரிக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போகிறவன் நான். குட்டி ஈனும் பருவம் நெருங்கிவிட்டால் தெரிந்தவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: “அண்ணே, உருவத்தை மறைக்கும் கேமோ உடுப்பு எது வாங்கலாம்?” உடுப்புக்குக் கொட்டும் காசில் பத்தில் ஒரு பங்கைக் காற்றைப் பார்க்கும் பழக்கத்துக்குச் செலவழித்தால் போதும். அதற்குக் காசும் ஆகாது. ஒரு டால்கம் பவுடர் டப்பா இருந்தால் சரி, தட்டினால் காற்று போகும் திசை தெரிந்துவிடும்.

இங்கே இருப்பது செந்நரி. 19ஆம் நூற்றாண்டில் குதிரையேறி நரி விரட்டும் பொழுதுபோக்குக்காக விக்டோரியாவில் கொண்டுவந்து விட்டார்கள். 1870களிலேயே காட்டில் பெருக ஆரம்பித்து, இன்று வடக்குக் கோடியைத் தவிரப் பெருநிலம் முழுக்கப் பரவிவிட்டது. ஆட்டுக்குட்டிகள் மட்டுமல்ல, பில்பி, நம்பட், பாறை வாலபி போன்ற இந்நாட்டுப் பாலூட்டிகள், தரையில் முட்டையிடும் பறவைகள் எல்லாவற்றுக்கும் எமன். அதனால் இங்கே இதைக் கட்டுப்படுத்துவது நில உரிமையாளரின் பொறுப்பு. தமிழ்நாட்டில் வயலோரம் ஊளையிடும் நரி வேறு இனம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. இதைப் படித்துவிட்டு அங்கே யாரும் விசிலோடு கிளம்ப வேண்டாம், ஜெயில்தான்.

அழைப்பது என்றால், நரியைக் கிட்டே வரவழைத்துச் சுடுவதற்காக அடிபட்ட முயல் கத்துவதைப் போல ஒலி எழுப்புவது. மெல்லிய தகட்டை மடித்து ஓட்டை போட்ட டென்டர்ஃபீல்ட் விசில் இங்கே பழைய ஆட்களின் பையில் இன்னும் இருக்கும். இப்போது ரிமோட்டில் இயங்கும் ஒலிபெருக்கிகள் வந்துவிட்டன. உங்கள் மாநிலத்தில், அந்த நிலத்தில் அதற்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தால் பெட்டியை உங்களிடமிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி வையுங்கள். நரியின் காதும் கண்ணும் பெட்டி மேல் இருக்கும், உங்கள் மேல் இருக்காது.

இனி காற்று. இலையுதிர் காலத்தில் தாயைப் பிரிந்து அலையும் இளம் நரி, சத்தம் கேட்டதும் நேராக ஓடிவரும். வயதான நரி அப்படி வராது. தூரத்திலேயே நின்று, அரை வட்டம் அடித்து, சத்தம் வரும் இடத்தின் வாடை தன் மூக்குக்கு வரும் பக்கமாகப் போய்த்தான் கிட்டே வரும். ஆகவே காற்று உங்கள் முகத்திலோ பக்கவாட்டிலோ அடிக்க வேண்டும். முதுகுப் பக்கம் ஒரு அணைக்குளமோ ஆழமான ஓடையோ இருந்தால் இன்னும் நல்லது. அந்த அரை வட்டத்தை நரியால் முடிக்க முடியாது. மனித வாடையைத் தீர்த்துக்கட்டும் என்று சொல்லி விற்கும் ஸ்பிரேக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

காற்றே இல்லாத இரவுதான் ஆளை ஏமாற்றும். பவுடரைத் தட்டிப் பாருங்கள். அசையாமல் தொங்குவதுபோல் தெரியும். டார்ச்சின் மங்கிய வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் கவனித்தால் மெல்ல, தரையை ஒட்டி, சரிவில் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழியும். நீங்கள் மேட்டில் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் வாடை நேராக நரி இருக்கும் ஓடைக்குள் போய்ச் சேரும். “நல்ல இரவு, காற்றே இல்லை, ஆனாலும் ஒன்றும் வரவில்லை” என்பவர்களில் பாதிப் பேர் இப்படி உட்கார்ந்தவர்கள்தான்.

உட்காரும் இடத்தில் மறைவுக்குப் பின்னால் போய் ஒளிய வேண்டாம், முன்னால் உட்காருங்கள். மரத்தின் அடிப்பகுதி, வைக்கோல் உருளை, வேலியின் மூலைக்கட்டை, எதுவானாலும் முதுகுக்குப் பின்னால் ஒன்று இருந்தால் உங்கள் உருவம் அதில் கலந்துவிடும். வானத்தைப் பின்னணியாக வைத்து முகட்டில் உட்கார்ந்தால் எந்த உடுப்பும் உதவாது. நிலவு இருந்தால் மரநிழலுக்குள் போய்விடுங்கள்.

வண்டியைச் சில நூறு மீட்டர் தள்ளி, காற்று உங்களிடமிருந்து வண்டியை நோக்கிப் போகும் பக்கமாக நிறுத்துங்கள். கதவை அடிக்காதீர்கள். சூடான எஞ்சின் ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் வரும், நமக்கே கேட்கும், நரிக்குக் கேட்காதா? வெல்க்ரோவைப் பிரிப்பது, கேட் சங்கிலியை விடுவது எல்லாம் இந்தக் கணக்குதான். வந்து உட்கார்ந்ததும் பத்து நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் மெதுவான சத்தத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் நரி ஐம்பது மீட்டரிலேயே படுத்திருக்கலாம். அரை நிமிடம் அழைத்து, ஓரிரு நிமிடம் நிறுத்தி, மறுபடி அழையுங்கள். இருபது நிமிடத்தில் வரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்தில் தினமும் ஊதினால் அந்த வட்டார நரிகள் எல்லாம் பாடம் படித்துவிடும்.

வெளிச்சத்தில் சிவப்பு நல்லது, நரியின் கண் அதை அவ்வளவாக உணராது. முழு ஒளியையும் முகத்தில் அடிக்காமல் அதன் ஓரம் மட்டும் படும்படி ஓட்டுங்கள். உடல் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவி வைத்திருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது, கண்ணை எடுத்ததும் அதன் திரை வெளிச்சம் தங்கள் முகத்தில் விழுவதை. ரப்பர் மூடி உள்ள கருவியாகப் பாருங்கள். செல்போனைத் திறக்கவே வேண்டாம்.

நரிக்குத் தெரியாமல் இருப்பதில் காட்டும் இதே சாமர்த்தியம்தான் மனிதர்கள் விஷயத்தில் ஆபத்து. உங்கள் முயல் சத்தம் நரியை மட்டும் அழைப்பதில்லை. பக்கத்துப் பண்ணையில் துப்பாக்கியோடு திரிபவருக்கும் அது கேட்கும். ‘அங்கே முயலைப் பிடித்த நரி இருக்கிறது’ என்று அவரும் ஓசைப்படாமல் வரலாம். இருட்டில் இரண்டு பேர், இருவருமே மறைந்து, இருவரும் ஒரே புதரைக் குறிபார்த்தால் என்ன ஆகும்? ஆகவே போவதற்கு முன் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும், எந்த மேய்ச்சல் நிலம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று செய்தி அனுப்புங்கள். நில உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும்.

கூட வந்தவர் தோளோடு தோள் உட்கார வேண்டும். “நான் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறேன்” என்ற பேச்சே கூடாது. சிறுநீர் கழிக்கப் போவதானாலும் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டு, துப்பாக்கியின் தோட்டாவை வெளியே எடுத்த பிறகுதான். யார் எந்தத் திசையில் சுடலாம் என்பதை வெளிச்சம் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். சின்னது என்று நினைக்கும் .22 ரிம்ஃபயர் தோட்டாவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாயும், பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடக்கூடாது. தெர்மலில் சூடு தெரியும், பின்னால் இருக்கும் வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரியாது. ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் அது பார்க்காது. ஸ்பாட்லைட்டில் மின்னும் இரண்டு கண் நரியாக இருக்கலாம், ஆடாக, போசம் என்ற மரமேறும் விலங்காக, பக்கத்துக்காரர் நாயாகவும் இருக்கலாம். உடலும் வாலும் தெரியாமல் பாதுகாப்பு விசையில் கை போகக்கூடாது. உங்கள் நாயைக் கூட்டிவராதீர்கள். குளிர்காலத்தில் பல பண்ணைகளில் 1080 விஷ இரை வைத்திருப்பார்கள், நாய் ஒன்றைத் தின்றாலே போய்விடும்.

அந்த 1080 பற்றி இன்னொன்று. சுடுவதால் மட்டும் ஒரு பண்ணையில் நரி குறையாது, காலியான இடத்துக்கு அடுத்த நரி வந்து சேரும். அக்கம்பக்கத்தார் ஒரே வாரத்தில் சேர்ந்து இரை வைப்பது, காவல் நாய் வளர்ப்பது இவற்றோடு சேர்த்தால்தான் அழைத்துச் சுடுவதற்குப் பலன். விக்டோரியாவில் வார்ணம்பூல் கரையோரம் மிடில் ஐலண்ட் என்ற குட்டித் தீவில் நரிகள் புகுந்து, சில நூறாக இருந்த குட்டிப் பெங்குவின்கள் 2005இல் பத்துக்கும் கீழே போயின. 2006இலிருந்து மாரெம்மா நாய்களைக் காவல் வைத்த பிறகுதான் அவை மீண்டன.

முடித்துக் கிளம்பும்போது தோட்டாக்களை எடுத்து, துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று இருவரும் பார்த்த பிறகே எழுந்திருங்கள். சுட்ட நரியை எடுக்கப் போகிறவர் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, குரல் கொடுத்தபடி போகட்டும்; அந்த நேரத்தில் மறைவு வேண்டாம். அண்டை வீட்டுக்காரர்களுக்கு முடிந்தது என்று செய்தி அனுப்புங்கள். வரும்போது கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தே.