“எதுக்கும் கொள்ளமாட்டேன்” என்று சொல்லும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்

நாகர்கோவிலில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். ஆகவே என்னிடம் வருகிறவர்களிலும் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்தவர்கள், வாலிபர் சங்கத்தில் பாடுகிறவர்கள், பாடற்குழுவில் நிற்கிறவர்கள் நிறைய. வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர்களில் பலரும் ஒரே வாக்கியத்துக்கு வந்துவிடுகிறார்கள்: “நான் எதுக்கும் கொள்ளமாட்டேன்.” நான் எதற்கும் உதவமாட்டேன் என்று அர்த்தம்.

“நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்” என்ற 139-ஆம் சங்கீத வசனம் அவர்களுக்கு மனப்பாடம். அது தன்னைக் குறித்தது என்றுதான் தோன்றுவதில்லை. தெரிந்த வசனத்துக்கும் உள்ளே ஓடும் எண்ணத்துக்கும் நடுவில் இத்தனை தூரம் எப்படி விழுகிறது என்பதைத்தான் இங்கே பேச நினைக்கிறேன். நான் சொல்லும் ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டாம் தடவை நீட் எழுதியும் இடம் கிடைக்காத ஒரு பெண்பிள்ளை வந்தாள். கையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் கோச்சிங் பீஸ், அதற்குக் கீழே ஹாஸ்டல், பிறகு புத்தகம், கண்ணாடி, மார்த்தாண்டத்துக்குப் போய்வந்த பஸ் காசு, காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரை என்று வரிசையாக எழுதியிருந்தாள். சில இடங்களில் தொகை தெரியாமல் பென்சிலால் உத்தேசமாகப் போட்டிருந்தாள். என்ன இது என்று கேட்டேன். “எனக்காக வீட்ல செலவழிச்சது அக்கா. திருப்பிக் குடுக்க முடியாம செத்துட்டா, எவ்வளவு கடன் வச்சிட்டுப் போனேன்னு அவங்களுக்குத் தெரியணும்ல” என்றாள்.

அன்றைக்கே அவளிடம் அனுமதி வாங்கி அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்த அந்த அம்மா முதலில் பேசவே இல்லை. அப்புறம், “உன்கிட்ட நான் எப்ப மக்களே கணக்கு கேட்டேன்?” என்றார். அவர் கேட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் ‘உனக்காக எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம் தெரியுமா’ என்பது அந்த வீட்டில் அடிக்கடி சொல்லப்பட்ட பேச்சு. சொன்னவர்களுக்கு அது ஊக்கப்படுத்தும் வார்த்தை. கேட்டவளுக்குத் தன் தலையில் எழுதப்பட்ட விலை.

தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் நம்முடையது, 2011-ல் 91.75 சதவீதம். இதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் படிப்பு ஒன்றே ஆளின் அளவுகோல் ஆகிவிட்ட ஊரில், மார்க் குறைந்த பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லை. ஆலயத்திலாவது அந்த இடம் இருக்க வேண்டும். அங்கே சாட்சி நேரத்தில் நாம் என்ன கேட்கிறோம்? மகனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது, மகளுக்கு யு.கே. விசா வந்தது, வீடு பால் காய்ச்சினோம், கர்த்தர் நல்லவர். நன்றி சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் வருடம் முழுக்க இதையே கேட்கிற பிள்ளை, சீட் கிடைக்காத என்மேல் கர்த்தருக்குப் பிரியமில்லை போலிருக்கிறது என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. வளைகுடாவில் வேலை போய்த் திரும்பிய ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விடுவார். “எப்ப திரும்பப் போறீங்க?” என்ற கேள்விக்குப் பயந்து.

நம் முன்னோர் இந்த விசுவாசத்தைப் பிடித்துக்கொண்ட காரணத்தை மறந்ததால் வந்த கோளாறு இது என்று நினைக்கிறேன். மயிலாடி மகாராசன் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பி வந்ததும், 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே இங்கே வந்ததும், 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்ததும், மனிதனை வழியில் நடக்கவும் விடாத சாதிக் கட்டுகள் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்; நம் ஊரும் அன்று அதில்தான் இருந்தது. மார்பை மறைக்கும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் பல்லாண்டு போராடினார்கள். 1859 ஜூலை 26-ல் வந்த அரசாணையும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அந்தப் பெண்களிடம் பட்டமோ நிலமோ கிடையாது. தேவசாயலில் படைக்கப்பட்டவள் நான் என்ற ஒரே நம்பிக்கையை வைத்துக்கொண்டு அடியும் வாங்கினார்கள், நிமிர்ந்தும் நின்றார்கள். அதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரும் தம் வழியில் மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிரச் சொன்னார். இப்படிப்பட்ட மண்ணில் இன்று பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று பேசி முடித்துவிட்டு, அந்தக் கல்யாணத்துக்கு ஆலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கிறோம். நகை குறைந்ததால் மாமியார் வீட்டில் ஏச்சுக் கேட்டு, தன்னையே மட்டமாக நினைக்கத் தொடங்கிய பெண்களை நான் பார்க்கிறேன். அவர்களிடம் போய் “நீ விலையேறப்பெற்றவள்” என்று வசனம் சொல்லுமுன் சபை தன் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, விசுவாசம் இந்த எண்ணத்தை உண்மையிலேயே மாற்றுமா? மாற்றும். என் வேலையில் பார்த்திருக்கிறேன். ஆனால் புத்திமதியாகச் சொன்னால் மாற்றாது. எனக்கு அதிகம் கைகொடுக்கும் வேதாகமப் பகுதி 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட தீர்க்கதரிசி எலியா, அடுத்து அரசி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகக் கேட்கிறார். அப்போது அவர் சொல்வதைக் கவனியுங்கள்: “நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல.” நம் பிள்ளைகள் அண்ணனோடும் சித்தப்பா மகளோடும் தங்களை வைத்துப் பார்த்துச் சொல்வதும் இதேதான். இதற்குக் கர்த்தர் கோபப்படவில்லை, விசுவாசம் போதாது என்று கண்டிக்கவும் இல்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் திட்டு இல்லை, இரண்டாம் முறையும் சாப்பாடு. ஓரேப் மலைக்குப் போன பிறகு “இங்கே உனக்கு என்ன காரியம்” என்று கேட்டு, அவர் ஒரே புலம்பலை இரண்டு தடவை சொல்லியும் குறுக்கிடாமல் கேட்டார். அப்புறம்தான் அடுத்த வேலையைக் கொடுத்தார், உன்னைப்போல் இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். தூக்கம், சாப்பாடு, காது கொடுத்தல், பிறகு செய்ய ஒரு வேலை, கூட நிற்க ஆட்கள். நாங்கள் ஆலோசனையில் போகும் வரிசையும் கிட்டத்தட்ட இதுதான்.

அந்தப் பெண்பிள்ளைக்கு இன்னொரு பகுதி பிடித்தது. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது, “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்று வானத்திலிருந்து சத்தம் உண்டாயிற்று. அதுவரை அவர் ஒரு பிரசங்கமும் செய்ததாக மத்தேயு எழுதவில்லை, ஒரு நோயாளியைக்கூட அவர் குணமாக்கியதாக இல்லை. “ரிசல்ட் வர்றதுக்கு முன்னாலயே சொல்லிட்டாரா?” என்று கேட்டாள். அடுத்த வாரங்களில் தன்னைக் குறித்து வரும் ஒவ்வொரு மட்டமான எண்ணத்தையும் எழுதி, இதை எனக்கு முதலில் சொன்னது யார், இது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம் என்று பக்கத்தில் குறிக்கச் சொன்னேன். இது எங்கள் தொழிலில் வழக்கமான பயிற்சி. ஆதாரம் எழுத வேண்டிய இடத்தில் பல நாள் வெறுமையாகவே விட்டு வந்தாள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘நான் வீண்’ என்ற எண்ணம் சில சமயம் நோயின் அறிகுறி. இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருப்பது, எதிலும் விருப்பமின்மை, தூக்கமும் பசியும் மாறுவது, காரணமில்லாத குற்ற உணர்வு ஆகியவை சேர்ந்து வந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும்கூட இப்படிக் காட்டும், ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யப் பெரும்பாலும் சில வாரங்கள் ஆகும். மது மாதிரி அடிமைப்படுத்தாது. டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. உபவாசம் இருந்தால் போய்விடும் என்று ஏற்கெனவே சாப்பிடாமல் மெலிந்தவரை உபவாசத்தில் உட்காரவைப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

யாராவது “சாகணும்போல இருக்கு” என்றால் நேரடியாகக் கேளுங்கள், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பலருக்கு யாரோ கேட்டார்களே என்ற ஆறுதல்தான் கிடைக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். போதகர்களும் பங்குத்தந்தையரும் இந்த எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டால் நல்லது. சிகிச்சை தொடங்கிய பிறகும் வீட்டுச் சந்திப்பை நிறுத்திவிட வேண்டாம். “இன்னுமா மாத்திரை சாப்பிடுற?” என்று சபையில் யாரும் அவரைக் கேட்டுவிடாதபடி பார்த்துக்கொள்வதும் உங்கள் கையில் இருக்கிறது.