ஊருணிக்கு மேலே வெளுத்த வானம்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சிறுவயதில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தால் பால்வீதி தெரியும். இப்போது எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. விளக்குப் போட ஆளில்லை. காரைக்குடியோ ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அப்படியிருக்க, எங்கள் வானம் ஏன் சாம்பல் பூத்துப் போயிற்று?”

காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்பதும், பகல் வானம் நீலமாயிருப்பது அதனால்தான் என்பதும் பள்ளியிலேயே படித்தவை. இரவிலும் அதே காற்று அதே வேலையைத்தான் செய்கிறது. சூரியன் இருந்த இடத்தில் நம் தெருவிளக்குகள் இருக்கின்றன.

இதை அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, நாலைந்து சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் டார்ச்சை ஒரு பக்கமாக வைத்து அடியுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் இலேசான நீலமாகத் தெரியும். டார்ச்சுக்கு நேரெதிரே நின்று பார்த்தால் வெளிச்சம் செம்மஞ்சளாகத் தெரியும். நீல ஒளி வழியிலேயே சிதறி வெளியேறிவிட, மிஞ்சியதே நம் கண்ணை வந்தடைகிறது. பால்வீதியை மறைப்பது எது என்பதைப் பாலைக் கொண்டே காட்ட முடிவதில் எனக்கு அலுக்காத மகிழ்ச்சி உண்டு.

சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும், அதாவது அலைநீளம் குறையக் குறையச் சிதறல் பன்மடங்கு கூடும் என்பது இயற்பியலாளர் ராலே கண்ட விதி. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றியது. இன்றைய வெள்ளை எல்.இ.டி.யோ உள்ளுக்குள் ஏறத்தாழ 450 நானோமீட்டர் நீல ஒளியை உமிழும் சில்லு. மேலே பூசிய பாஸ்பர் என்னும் ஒளிர்பொருள் அதில் ஒரு பங்கை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. கணக்குப் போட்டால், அந்த நீலம் பழைய மஞ்சளைவிட ஏறத்தாழ 3 மடங்கு அதிகம் சிதறும். போதாக்குறைக்கு, இருட்டில் விழித்திருக்கும் நம் கண்ணின் கோல் செல்கள் நீலப்பச்சைக்கே கூர்மையானவை. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த விளக்கு, வானத்தை வெளுக்கும் விளக்காகவும் ஆனது இப்படித்தான்.

இனி, தூரத்தின் கதை. செங்குத்தாக மேலே போகும் ஒளி சில கிலோமீட்டர் அடர்காற்றைக் கடந்து விண்வெளிக்குப் போய்விடும். அடிவானத்தை ஒட்டி, 10 அல்லது 20 பாகை சாய்வில் கிளம்பும் ஒளியோ நெடுந்தூரம் காற்றுக்குள்ளேயே பயணம் செய்து, போகிற வழியெல்லாம் சிதறிக்கொண்டு போகிறது. இடையில் மறிக்க மலையில்லாத செம்மண் சமவெளியில் அது ஊர் ஊராகப் பரவும். காரைக்குடிச் சாலையோரம் பாருங்கள்: ஊருணியின் வரத்துக்காலைத் தூர்த்து மனை பிரித்த இடத்தில், ஒரு வீடும் எழும்பாத நிலையில், நட்ட கற்களுக்கு மட்டும் ஒரு ஹைமாஸ்ட் விளக்கு விடிய விடிய எரிகிறது, அதன் முகமோ தரையைப் பார்க்காமல் சாலையைப் பார்த்து நிமிர்ந்திருக்கிறது.

மனிதகுலத்தில் மூன்றிலொரு பங்கினரால் பால்வீதியைக் காண முடியவில்லை என்று 2016இல் வெளியான உலக வரைபட ஆய்வு சொன்னது. ரோகிணியா, கார்த்திகையா என்று ஜாதகத்தைப் புரட்டிப் பொருத்தம் பார்த்துக் கல்யாணத்தையே தள்ளிப் போடுகிற நாம், அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே என்று ஒருநாளாவது அண்ணாந்து பார்த்திருப்போமா என்பது எனக்குச் சந்தேகமே.

வெளிச்சம் தண்ணீரையும் விடுவதில்லை. டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு, பகலில் மீனுக்குப் பயந்து அடியில் பதுங்கியிருந்து, இருட்டியதும் மேலே வந்து பாசியை மேயும். பாஸ்டன் நகருக்கு அருகே ஓர் ஏரியில் ஆராய்ந்தபோது, நகர வெளிச்சம் பட்ட நீரில் குறைவான நீர்த்தெள்ளுகளே மேலேறின. ஏறியவையும் குறைந்த உயரமே ஏறின. மேய ஆளில்லாவிட்டால் பாசி பெருக வாய்ப்புண்டு. படித்துறையில் கால் கழுவக்கூடாது என்று குடிநீர் ஊருணியைக் காத்த ஊர்களில் இதைச் சோதிக்க ஒரு நுண்வலையும் பூதக்கண்ணாடியும் நாலு கல்லூரி மாணவர்களும் போதும். காரைக்குடியில் சிக்ரி என்று ஊரார் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்த மண்ணில், இத்தகைய சின்ன ஆய்வுகளுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஒதுக்குவது பெரிய காரியமாகாது.

பரிகாரம் எளிது: விளக்குக்கு மேலும் பக்கவாட்டிலும் மூடி, நிற வெப்பநிலை 2700 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் சாயல், நள்ளிரவுக்குப் பின் மங்கல். ஊர் கட்டுப்படுமா என்று கேட்பவர்களுக்குத் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியைக் காட்டுவேன். 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று, அவ்வூரார் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தீபாவளி வெடி இல்லாமலே சமாதானம் சொல்லி வந்திருக்கிறார்கள்.

வாசகர் வைகாசி அமாவாசையன்று இரவு 11 மணிக்குமேல் தெருவிளக்குகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்று தெற்கே பார்க்கட்டும். சிவந்த கேட்டையும், அதன்கீழ்க் கொக்கிபோல் வளையும் மூலமும் தெரியும். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் கொடுத்து, கைப்பேசியைப் பையிலேயே வைத்திருந்தால், மூலத்துக்கு இடப்புறம் தண்ணீர் விட்ட பாலைப்போல் ஒரு படலம் தெரிகிறதா என்று எனக்கு எழுதட்டும்.