செல்ஃப் மாற்றும் முன் மீட்டரைப் பிடியுங்கள்

பழைய அம்பாசடருக்கு கியர் ரிடக்ஷன் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) போடுவது நல்ல யோசனைதான். சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும். உள்ளிருக்கும் பல்சக்கரம் அந்த வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். 1489 சிசி எஞ்சினை அது லேசாகச் சுழற்றிவிடும். ஆனால் பழைய மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்பே அளந்து எழுதி வைக்காவிட்டால், புதியது உண்மையில் என்ன மாற்றியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கியரை நியூட்ரலில் போட்டு, பிளக்குக்குப் பொறி தரும் காயிலுக்கு வரும் சிறு வயரைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் பிடிக்கக் கூடாது, சுற்ற மட்டும் வேண்டும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கும்போது அது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை செல்ஃப் பாடியிலும் வைத்து மறுபடி அடியுங்கள். கிளாம்பில் வைத்தால் கணக்கு பொய்க்கும், கம்பத்திலேயே வைக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதையில். பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட் வரை பொறுக்கலாம்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டைதான். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்து, போல்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடியாக நிற்கும். போதாததற்கு இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. எர்த் செத்தால் கரண்ட் வேறு வழி தேடும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், பட்டையை மாற்றுங்கள்.

எர்த் சரியாக இருந்தும் தடுமாறினால் புதிய செல்ஃபுக்கு வரலாம். வைஸில் இறுக்கிப் பிடித்துத்தான் சோதிக்க வேண்டும். கையில் பிடித்தால் எகிறும். 1950-களின் மோரிஸ் மைனர் போன்ற பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது) வாங்குபவர்கள் கவனம்: பழைய மோட்டாரில் காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு சுருள் (கம்பிச் சுருள்) இருப்பதால் முனை மாற்றிக் கொடுத்தாலும் அதே பக்கம்தான் சுற்றும். புதியதில் நிலைக்காந்தம் இருந்தால் தலைகீழாகச் சுற்றும்.

மாட்டும்போது ஃபிளைவீல் ரிங்கை, அதாவது செல்ஃப் கடித்துச் சுற்றும் பெரிய பல்வளையத்தைப் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் வந்து நிற்கும், அதனால் பல் தேய்வதும் அங்கேதான். சில வண்டிகளில் பழைய பெண்டிக்ஸ் வகை பினியன் (செல்ஃபின் சிறு பல்சக்கரம்) வரும் பக்கமும் புதியது வரும் பக்கமும் வேறு. பல் முனையின் சரிவு எதிர்ப்பக்கம் இருந்தால் புதியது இடித்து அரைத்துவிடும். நாலைந்து பல்லில் மார்க்கர் மை பூசி இரண்டு தடவை அடித்தால், பினியன் எவ்வளவு ஆழம் கடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

வயரிங்கில்தான் அடிக்கடி சறுக்குகிறது. பழைய சோலினாய்டை (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் மின்காந்த சுவிட்ச்) அப்படியே விட்டு, செல்ஃபின் பெரிய போல்ட்டிலிருந்து சிறிய முனைக்குத் துண்டு வயர் போடும் வழக்கம் உண்டு. சுலபம்தான், ஆனால் சாவியை விட்ட பிறகும் சுழலும் நிலைக்காந்த மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கி, உள் சோலினாய்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பினியன் உடனே விடாமல் எஞ்சினோடு சேர்ந்து கத்தும். பேட்டரி கேபிளை நேராகப் பெரிய போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். சிறிய முனைக்குத் தனி ரிலே வழியாகக் கொடுங்கள்.

கடைசிச் சோதனை சூட்டில். குலசேகரம் பக்கம் ஏற்றத்தில் இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அதே அளவுகளை மறுபடி எடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், நடுவில் இரண்டு நிமிடம் ஆற விடுங்கள். குளிரில் துள்ளிய மோட்டார் சூட்டில் முனகினால், பக்கத்தில் சைலன்சர் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள்; ஓடினால் நடுவே ஒரு தகரத் தடுப்பு வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.