ஷெட்யூல் ஒன்று: ஓநாய் இருக்கும் பட்டியல்

"அது ஷெட்யூல் ஒன் பிராணிங்க, கை வெச்சா உள்ள போயிருவீங்க." ஓநாயைப் பற்றி வனத்துறையிடம் பேச்செடுத்தால் இப்படித்தான் பதில் வரும். நமக்கோ ஷெட்யூல் என்றால் படப்பிடிப்பும் பஸ் நேரமும்தான் ஞாபகம் வரும். இந்த ஷெட்யூல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது; இதற்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை.

லத்தீனில் 'ஸ்கெடுலா' என்றால் சின்னத் தாள்துண்டு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பத்திரத்தோடு சேர்த்து வைக்கும் சீட்டைக் குறித்தது. நேரம் என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. கிரயப் பத்திரத்தின் கடைசியில் நான்கெல்லையோடு 'சொத்து விவரம்' எழுதுகிறோமே, அதுவும் ஷெட்யூல்தான். சட்டத்திலும் அப்படித்தான்: விதி முன்னால், பெயர்கள் பின்னால்.

தமிழில் 'அட்டவணை' என்று எழுதுவது வழக்கம். எனக்கென்னவோ அதைக் கேட்டால் கட்டம் போட்ட கால அட்டவணைதான் கண்ணில் நிற்கிறது. 'இணைப்புப் பட்டியல்' பொருளுக்குக் கச்சிதம், ஆனால் வாயில் நுழைய நீளம். பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி என்று ஏற்கெனவே இதே சொல்லுக்குப் 'பட்டியல்' நிலைத்துவிட்டது. 'முதல் பட்டியல்' போதும்.

சரி, அதில் இருப்பதால் ஓநாய்க்கு என்ன கிடைக்கிறது? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆறு பட்டியல்கள் இருந்தன. 2022 திருத்தத்தில் நான்காகின. ஓநாய் இன்றும் முதல் பட்டியலில்தான். அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று நினைக்க வேண்டாம். சுருக்கு வைப்பதும், செத்த ஆட்டில் விஷம் தடவிப் போடுவதும் சட்டத்தின் கண்ணில் வேட்டையே.

ஆடு வளர்ப்பவருக்கு உறைக்கும் இடம் பதினோராம் பிரிவு. இரண்டாம் பட்டியல் விலங்கு என்றால், பயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்று காட்டிக் கொல்ல அனுமதி கேட்க வழியுண்டு. முதல் பட்டியலுக்கு அந்தக் காரணம் செல்லாது. மனித உயிருக்கு ஆபத்தாக வேண்டும், அல்லது அந்த விலங்கு தேறவே முடியாத நோயிலோ ஊனத்திலோ இருக்க வேண்டும். அப்போதும் தலைமை வன உயிரினக் காப்பாளர்தான் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். பத்து ஆடு போனாலும் அது சொத்துக் கணக்கே.

இன்னொன்று. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் ராத்திரி பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறுபவை பெரும்பாலும் தெருநாய்கள். நாய் இந்தச் சட்டத்தின் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்குச் சட்டம் வேறு. அதனால் செத்த ஆட்டை அப்புறப்படுத்துவதற்கு முன் கால்தடத்தையும் கடிவாயையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கடித்தது எது என்பதைப் பொறுத்துத்தான் எந்த அலுவலகத்தில் இழப்பீடு கேட்பது என்பதே முடிவாகும்.