ஸ்கேனில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம்: எல்லாமே ஸ்ட்ரோக் இல்லை

மூளை ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. தலைவலி, ஃபிட்ஸ், திடீர்னு கண் மங்கிடுச்சு என்று வருகிறவரின் எம்ஆர்ஐயில் பின்மண்டைப் பக்கம் இரண்டு புறமும் வீக்கம் வெள்ளையாகத் தெரிந்து, பிரஷரும் 200-ஐத் தாண்டியிருந்தால், 'பிரெஸ்' (PRES, மூளையில் நீர் கசிந்து வீங்கும், பெரும்பாலும் சரியாகிவிடும் நோய்) என்று சொல்ல அதிக நேரம் பிடிக்காது. 1996-ல்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு விவரித்தார்கள். பிரஷர் எகிறியோ, சில மருந்துகளாலோ ரத்தக்குழாயின் உட்சுவர் பழுதாகி, ரத்தத்தின் நீர் மூளைத் திசுவுக்குள் கசிகிறது. செல்கள் பெரும்பாலும் சாவதில்லை, ஊறிப்போய் நிற்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலோர் சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டுவிடுகிறார்கள்.

அபூர்வமாகச் சிலருக்கு இது ஒரு பக்கம் மட்டும் வரும். கழுத்தில் ஒரு பக்க ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் அந்தப் பக்கத்துக்கு அழுத்தம் குறைவாகப் போகும், மறுபக்கம் மொத்த அடியையும் வாங்கும் என்பது ஒரு விளக்கம். சில சமயம் காரணமே பிடிபடாது. இப்படி ஒரு பக்கக் கை, கால் இயங்காமல் வருபவரை யார் பார்த்தாலும் ஸ்ட்ரோக் என்றுதான் நினைப்பார்கள், அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. ஆனால் சிகிச்சை நேர் எதிர். அடைப்பால் வந்த ஸ்ட்ரோக்கில், அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவரை, முதல் நாளில் பிரஷர் 220/120 வரை இருந்தாலும் பொதுவாக விட்டுவைப்போம். பிரெஸ்ஸிலோ முதல் சில மணி நேரத்தில், இருக்கும் பிரஷரிலிருந்து கால்வாசி மட்டும் நிதானமாகக் குறைக்க வேண்டும். கரைக்கும் ஊசியும் இதில் பயன்படாது, ரத்தக்கசிவு பயம்தான் மிச்சம்.

பிரித்துப் பார்க்க நான் முதலில் திறப்பது டிஃப்யூஷன் படமும் ஏடிசி படமும், திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று காட்டும் எம்ஆர்ஐ படங்கள் இவை. ஸ்ட்ரோக் என்றால் டிஃப்யூஷனில் பளிச், ஏடிசியில் கறுப்பு. பிரெஸ்ஸில் பெரும்பாலும் டிஃப்யூஷனில் பெரிதாக ஒன்றும் இருக்காது, ஏடிசியில் வெளுப்பாகத் தெரியும். வீக்கமும் ஒரே ரத்தக்குழாயின் எல்லைக்குள் அடங்காமல் பரவியிருக்கும். ஏடிசியில் நடுவே கறுப்புத் திட்டுகள் இருந்தால் அந்த இடம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

படம் மட்டும் போதாது, கூட வந்தவர்கள் சொல்லும் தகவல் வேண்டும். கிட்னி மாற்றி, அதை உடம்பு நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாதிரி மருந்து சாப்பிடுகிறாரா, கீமோ நடக்கிறதா, லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) உண்டா, டயாலிசிஸ் செய்கிறாரா, கர்ப்பமா, சமீபத்தில் பிரசவம் ஆனதா? இதில் ஒன்று இருந்தாலும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மாத்திரைச் சீட்டையும் நீட்டுங்கள். பிரஷர் நார்மல் என்பதால் பிரெஸ் இல்லை என்றும் ஆகாது. அப்புறம், இதைப் படித்துவிட்டு "தானா சரியாகிடும்" என்று வீட்டில் காத்திருக்காதீர்கள், ஸ்ட்ரோக்கா பிரெஸ்ஸா என்பதை அறிகுறியை வைத்து வீட்டில் முடிவு செய்ய முடியாது.

உடம்பு தேறியதும் பலர் தவிர்ப்பது சில வாரம் கழித்து எடுக்கச் சொல்லும் இரண்டாவது எம்ஆர்ஐ. ஒரு பக்கம் மட்டும் இருந்தவர்களுக்கு அது கட்டாயம். வீக்கம் வடிந்திருந்தால் பிரெஸ் என்பது கிட்டத்தட்ட உறுதி. அப்படியே இருந்தால் மூளைக் கட்டியா, வேறு அழற்சியா என்று மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.